நான்காம் அத்தியாயம், மூன்றாம் விதி

1

இரண்டு கிழமைக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பணிப்பாளர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். வயது முப்பத்திரண்டு. நல்ல பிள்ளை. என்னோடு பேசும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொல்ல இன்னும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அவருடைய மேசையில் நான் எழுதிய கைந்நூல் கிடந்தது. கனடாவின் நடுத்தர நகரம் ஒன்றில், நடுத்தரக் கல்லூரி ஒன்றின் மாணவர் நிதியுதவி அலுவலகத்தில் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் புத்தகம் அது. பெயர் ‘கொள்கைகளும் நடைமுறைகளும்’. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் பயப்பட வேண்டாம், அதை இங்கே வாசித்துக் காட்டப் போவதில்லை. எழுதிய நானே அதை ஒரே இருப்பில் முழுதாக வாசித்ததில்லை.

“இந்த மேயோடு இதற்குப் பதினைந்து வயது. புதுப்பிக்க வேண்டும்,” என்றார் பணிப்பாளர். பிறகு மஞ்சள் தாள் ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து, “இது என்ன, நான்காம் அத்தியாயம் மூன்றாம் விதி?” என்று கேட்டார்.

அந்த விதி இதுதான் (கருமபீடம் என்றால் கவுண்டர்): ‘ஒரு மாணவரை வேறொரு கருமபீடத்துக்கு அனுப்பும் முன், அனுப்பும் அலுவலர் தானே அந்தக் கருமபீடத்துக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். மணி அடித்தால் போதாது. மனிதக் குரல் கேட்க வேண்டும்.’

புதிய கைந்நூல் கணினிக்குள் போகப் போகிறதாம். அதில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ‘அடிப்படை’ என்று ஒரு கட்டம் உண்டாம். அரசாங்கச் சட்டமோ, சுற்றறிக்கையோ, குழுத் தீர்மானமோ, விதி எங்கிருந்து வந்தது என்று அதில் எழுத வேண்டும். மற்ற எல்லா விதிகளுக்கும் அவர் அடிப்படை கண்டுபிடித்துவிட்டார். இதற்கு மட்டும் இல்லை.

“அடிப்படை இல்லையென்றால் கணினி தானாகவே நீக்கிவிடும்,” என்றார், அது என்னவோ காலநிலை என்பது போல.

வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டேன். தந்தார்.

2

நான் இந்தப் புத்தகத்தை எழுத வந்தது ஒரு பஸ்ஸால்.

இரண்டாயிரத்து ஆறில் மட்டக்களப்பு நாவற்குடாவிலிருந்து நான், மனைவி சாந்தி, மகள் அபி மூவரும் இங்கே வந்தோம். முதல் இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட்டுகளைப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு கல்லூரியில் கோப்புகளை ஒழுங்குபடுத்தத் தற்காலிகமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போனேன். ஒரு மாதத்தில் அப்போதைய பணிப்பாளர் ஹெலன், என்னிடம் கோப்பு கேட்டால் கோப்பு வருகிறது என்பதைக் கவனித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் அது புதுமை.

ஹெலன் ஒருநாள் சொன்னார்: “இங்கே எல்லா வேலையும் ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் ஒரு பஸ்ஸில் அடிபட்டால் யாருக்கு என்ன தெரியும்? எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.”

வீட்டில் இதைச் சொன்னதும் சாந்தி அகப்பையைக் கீழே வைத்தாள்.

“இஞ்சேருங்க, வேலை தந்து மூணு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள பஸ்ஸுக்க தள்ளப் பாக்கிறாங்களா?”

“இது ஒரு பேச்சுக்குச் சொல்றது.”

“என்ன பேச்சு. நம்மட ஊரில ஆரும் இப்பிடி வேலைக்காரனப் பாத்துச் சொல்லுவாங்களா?”

பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் எல்லா ஆவணங்களுக்கும் பின்னால் அந்த ஒரே பஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கிழமை வரை நான் தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்தேன்.

3

ஹெலன் எனக்கு முதலில் பாடம் எடுத்தார். கொள்கை என்பது ஒன்றை ஏன் செய்கிறோம் என்பது. நடைமுறை என்பது அதை எப்படிச் செய்கிறோம் என்பது. நான் குறித்துக்கொண்டேன். ஊரில் எங்கள் அரசாங்கக் கச்சேரியில் மூன்றாவதாக ஒன்று உண்டு, யாரைப் பிடித்தால் செய்யலாம் என்பது. அதற்கு இங்கே அத்தியாயம் இல்லை என்று அறிந்தபோது எனக்கு மரியாதையும் வந்தது, கொஞ்சம் அலுப்பும் வந்தது.

“நடப்பதை நடக்கிறபடியே எழுதுங்கள்,” என்பது ஹெலனின் உத்தரவு. நான் உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற சாதி. ஒரு கொப்பியுடன் மேசை மேசையாகப் போய் உட்கார்ந்தேன். கருமபீடத்தில் இருந்த டெபியிடம், ஒரு மாணவர் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“முகத்தைப் பார்ப்பேன்,” என்றாள் டெபி. “அழப் போகிற முகமா, ஏசப் போகிற முகமா என்று. அழப் போகிற முகமென்றால் கதிரை. ஏசப் போகிற முகமென்றால் படிவம்.”

அப்படியே எழுதினேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘ஒன்பது மணிக்குக் கதவு திறக்கப்படும். ஒன்பது ஐந்துக்குக் கோப்பி. ஒன்பது இருபதுக்கு மாணவரின் முகம் பார்க்கப்படும்.’

ஹெலன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கோப்பி நடைமுறை அல்ல,” என்றார். டெபி தன் மேசையிலிருந்தே, “கோப்பி இல்லாவிட்டால் நடைமுறையே இல்லை,” என்றாள். கோப்பியும் முகமும் நீக்கப்பட்டன. முகத்தை நீக்கியது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

என் ஆங்கிலம் வேறு பிரச்சினை. அது கச்சேரி ஆங்கிலம். ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்’ என்று தொடங்காமல் ஒரு வசனமும் எனக்கு நடக்காது. அபிக்கு அப்போது பதின்மூன்று வயது. சனிக்கிழமைகளில் அவள்தான் தட்டச்சுச் செய்து தருவாள். செய்தபடியே வெட்டுவாள்.

“அப்பா, இந்தப் பக்கத்தில ஒம்பது ‘கைன்ட்லி’ இருக்கு.”

“மரியாதை மனே.”

“மரியாதை இல்லப்பா. ஆரோ கெஞ்சுற மாதிரி இருக்கு.”

ஒன்பதையும் வெட்டினாள். அவளுடைய தமிழ் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. ஊரில் நான் என்ன வேலை செய்தேன் என்று வகுப்பில் கேட்டபோது, “ஒரு கிராமத்துக்குச் சின்ன ராசா மாதிரி,” என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை என்னைப் பெற்றோர் கூட்டத்தில் தனியாக விசாரித்தார்.

நான் ராசா இல்லை, கிராம உத்தியோகத்தர். சனம் பழைய ‘கிராம சேவகர்’ பழக்கத்தில் ஜீ.எஸ். என்றுதான் கூப்பிடும். பதின்மூன்று வருடம், கடற்கரைப் பக்கத்தில் ஒரு பிரிவு. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறப்போ, இறப்போ, அடையாள அட்டையோ, வேலிச் சண்டையோ, ஜீ.எஸ். கடிதம் இல்லாமல் நம் ஊரில் ஒருவர் உயிரோடு இருப்பதே சந்தேகம்தான். அந்தக் கடிதத்தில் உயிர் ஒரே வரியில் இருக்கும்: ‘இவரை நான் நேரில் அறிவேன்.’ தெரியாத ஒருவருக்கு அந்த வரியை நான் எழுதியதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, அளவுக்கு மிஞ்சிய பெருமை.

4

இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. நான் நாவற்குடாவில் வீட்டில் இருந்தேன். கடல் எங்கள் வீதி வரை வரவில்லை. என் அலுவலகம் கடற்கரைப் பிரிவில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. அது அலுமாரி, பதிவேடுகள், மேசை, என் அடையாள அட்டை, ரப்பர் முத்திரை எல்லாவற்றோடும் போய்விட்டது. அத்திவாரம் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாளே ஒரு பள்ளிக்கூட முகாமில் கடன் வாங்கிய கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நிவாரணத்துக்குக் கடிதம் வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வேண்டும், பிள்ளையைத் தேடுவதற்குக் கூடக் கடிதம் வேண்டும். ஒருவரிடமும் ஒரு துண்டுத் தாளும் இல்லை. என் தலைக்குள் பிரிவு முழுதும் இருந்தது. யார் யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வீட்டில் கிணறு, எல்லாம் மனப்பாடம். எழுதிக்கொண்டே இருந்தேன். முத்திரை மட்டும் இல்லை.

முத்திரை செய்யப் பட்டணத்துக்கு, புளியந்தீவுக்குப் போனேன். அரசாங்க முத்திரை செய்ய மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார் கடைக்காரர். மேலிடத்தில் ஒரு லிகிதர், நனைந்த கோப்புகளை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சீல் கேட்டு நீங்க ஒரு கடிதம் தாங்க சேர்.”

“இந்தா.”

“இதுல உங்கட சீல் இல்லையே.”

“சீல் கடலுக்க போயிட்டு. அதுக்குத்தானே கடிதம்.”

“விளங்குது சேர். ஆனா சீல் இல்லாத கடிதத்த எப்பிடி எடுக்கிற?”

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. என்னிடம் யாராவது அப்படி வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். முத்திரை கிடைக்கும் வரை ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘முத்திரை கடலில்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆச்சரியம் என்னவென்றால் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் இன்னொரு வேலையும் செய்தேன். குடும்ப விபரப் பத்திரத்தில் இரண்டு நிரல் இருந்தது: உயிரோடு, இறப்பு. கணவரைப் பற்றிக் கேட்டால் சனம் இரண்டிலும் கைவைக்க மாட்டார்கள். நான் அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு கீறி, ‘தெரியாது’ என்று தலைப்பிட்டேன். கச்சேரியில் முதலில் ஏசினார்கள். பிறகு அவர்களும் கோடு கீறினார்கள்.

இதுவரை சொன்னது நான் பலருக்கும் சொல்லிச் சிரித்த கதைகள். மற்றதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

முகாமில் உட்கார்ந்த முதல் நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஈரம் காய்ந்து உப்புப் பூத்த சேலை, கையில் ஒரு வெறும் பை. நிவாரணத்துக்குக் கடிதம் கேட்டார். எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். அது என் பிரிவு இல்லை, அடுத்த பிரிவு. அங்கே ஜீ.எஸ். தவராசா அண்ணன், என்னோடு சேர்ந்து பயிற்சி பெற்றவர்.

“இது என்ட பிரிவு இல்ல. தவராசா அண்ணனிட்டப் போங்க,” என்றேன்.

“அவர் இருக்காரா சேர்?”

“இருப்பார். போங்க.”

“சரி சேர்,” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

தவராசா அண்ணன் குடும்பத்தோடு கடலில் போய்விட்டார் என்று மாலையில் தெரிய வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாக அந்தப் பெண்ணைத் தேடினேன். என்னவென்று விசாரிப்பது? அவர் என் பிரிவு இல்லை என்பதால் நான் பெயர் கேட்கவில்லை. அவர் எப்படியாவது எங்காவது கடிதம் எடுத்திருப்பார் என்று மனது சொல்லும். ஆனாலும் அன்றைக்கு நான் அவரைக் கடலிடம்தான் அனுப்பினேன். அதை வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

5

இனி இந்தப் பக்கம். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். கைந்நூல் முக்கால்வாசி முடிந்து, மூன்றாம் கிழமை குழுவுக்குப் போக வேண்டும். புதிய மாணவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் அந்த மாத முடிவு.

டெபி கோப்பிக்குப் போன நேரம் நான் கருமபீடத்தில் நின்றேன். ஒரு பெண்பிள்ளை வந்தாள். பத்தொன்பது வயது, பெயர் வினோதினி. என் சட்டையில் தொங்கிய பெயரை வாசித்தாள். “மாமா, நீங்க மட்டக்களப்பா?” என்றாள். கருமபீடத்தில் மாணவர்கள் அலுவலரை எப்படி அழைக்க வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அதில் மாமா இல்லை.

அவளுடைய தாய் வாகரை, தகப்பன் முல்லைத்தீவு. அவள் இரண்டு வருடமாக இங்கே பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். தாதி உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிதியுதவி கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படிவத்தில் எல்லாவற்றையும் அழகாக நிரப்பியிருந்தாள். பெற்றோர் பகுதி மட்டும் வெறுமை. அதில் இரண்டு கட்டம்: பெற்றோர் உயிரோடு இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் மரணச் சான்றிதழ்.

“கையெழுத்து எங்க புள்ள?”

“அவங்க வன்னிக்க மாமா. மாசிக்குப் பிறகு கதைக்கல்ல.”

அந்த மே மாதத்தில் வன்னிக்குள் என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் நானே எழுதிய பக்கம் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளைப் பார்த்துப் பிழையில்லாமல் எடுத்து எழுதிய பக்கம்: ‘பெற்றோர் கையெழுத்தில் சிக்கல் இருந்தால் மாணவர் நலன் கருமபீடத்துக்கு அனுப்பவும். மேற்குக் கட்டடம், மூன்றாம் மாடி.’

“இது இங்க பாக்கிற இல்ல. மேற்குக் கட்டடத்துக்குப் போங்க,” என்றேன்.

“சரி மாமா,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

என் நடைமுறை முதன்முதலாக ஓர் உயிருள்ள மனிதர்மேல் வேலை செய்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

6

அடுத்த நாள் காலை டெபியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கோப்பியை மேசையில் வைத்தாள்.

“மாணவர் நலன்? அதைக் கிறிஸ்மஸோடு மூடிவிட்டார்களே. லொரெய்ன் ஓய்வு பெற்றாள். நாங்கள் கேக் வெட்டினோம்.”

“எனக்குத் தெரியாதே.”

“நீங்களும் கேக் சாப்பிட்டீர்கள். வாழ்த்து அட்டையில் கையெழுத்துக்கூடப் போட்டீர்கள்.”

உண்மைதான். தாள் நீட்டினால் கையெழுத்துப் போடுவது எனக்குப் பழகிப்போன காரியம். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். டெபி என் முகத்தைப் பார்த்தாள். கதிரை தேவையான முகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது மேற்குக் கட்டடம் தெரியவில்லை, பள்ளிக்கூட முற்றத்தால் நடந்து போன அந்தச் சேலைதான் தெரிந்தது. ஆனால் இந்தமுறை என்னிடம் ஒரு பெயர் இருந்தது. கருமபீடத்து வருகைப் பதிவில் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தது.

மாணவரின் வீட்டுக்கு அலுவலர் தொலைபேசி எடுக்கக் கூடாது, கடிதம் மட்டுமே அனுப்பலாம் என்பது ஆறாம் அத்தியாயம். எழுதி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எண்ணை அழுத்தினேன்.

“ஆரு கதைக்கிற?” என்றது ஒரு பெண் குரல். பெரியம்மா.

“கொலிஜில இருந்து கதைக்கிறன். வினோதினி...”

“காசு ஒண்டும் எங்களிட்ட இல்ல. கிழமைக்கு நாலு பேர் இப்பிடி எடுக்கிறாங்க.”

“இல்ல அக்கா, நான் நாவற்குடா ஆள்.”

“நாவற்குடாவில ஆருட மகன்?”

இதற்குப் பிறகு நடந்தது எந்தக் கைந்நூலிலும் அடங்காது. அப்பா பெயர், அம்மா ஊர், சாந்தி யாருடைய பிள்ளை, சாந்தியின் மாமி வாகரையில் கட்டிய குடும்பம் எது, எல்லாம் முடிந்து, பெரியம்மாவுக்கு நான் ஏதோ ஒரு வழியில் மச்சினன் முறை என்று முடிவான பிறகுதான் விடயத்துக்கு வந்தார்.

“புள்ள நேத்து வந்து அந்தப் பேப்பரக் குப்பைக்க போட்டுட்டாள். படிக்க மாட்டனாம். மறுகா நான் எடுத்து நீவி வச்சிருக்கன்.”

வினோதினி தொலைபேசிக்கு வந்தாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“மாமா, நீங்க அனுப்பின இடம் பூட்டி. வாசல்ல ரெண்டு மணித்தியாலம் இருந்தன், ஆரும் வருவாங்க எண்டு.”

“தெரியாமப் போச்சு புள்ள.”

“அனுப்ப முதல் போன் எடுத்துக் கேட்டீங்களா மாமா, அங்க ஆள் இருக்கா எண்டு?”

நான் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளைப் பார்த்தேன்.

“நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன். அம்மாட நம்பருக்கு. மணி அடிக்குது, ஆரும் எடுக்கிற இல்ல. மணி அடிச்சா ஆள் இருக்கு எண்டு இல்லத்தானே மாமா?”

“அந்தப் பேப்பர எடுத்துக்கொண்டு நாளைக்கு வா. ஒரு இடத்துக்கும் அனுப்ப மாட்டன்,” என்றேன்.

7

அவளுக்கு உதவி கிடைக்க வேண்டுமென்றால் படிவத்தில் மூன்றாவது கட்டம் வேண்டும். மூன்றாவது கட்டம் வேண்டுமென்றால் குழு கைந்நூலை ஏற்க வேண்டும். அன்று மாலையே வீட்டில் அபியை உட்கார வைத்து இரண்டு விதிகளைச் சொன்னேன், அவள் தட்டச்சுச் செய்தாள். ஒன்று, பெற்றோரின் நிலை தெரியாது என்று மாணவர் கையெழுத்திட்டால் போதும், ஒவ்வொரு தவணையும் மீண்டும் கேட்டுக்கொள்ளலாம் என்பது. மற்றது, தொலைபேசி விதி.

“அப்பா, இதுக்கு ‘ஏன்’ எண்டு இல்லையே,” என்றாள் அபி, தொலைபேசி விதியைக் காட்டி. “கொள்கை எண்டா ஏன் எண்டு சொல்லணும் எண்டீங்க.”

“ஏன் எண்டு பிறகு போடுவம்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு ‘கைன்ட்லி’யை வெட்டிவிட்டு எழுந்து போனாள்.

குழு கூடியது, போர் முடிந்துவிட்டதாக அங்கே அறிவித்த கிழமை. காலையில் டெபி வானொலியில் கேட்டுவிட்டு எனக்கு ஒரு மஃபின் வாங்கி வந்திருந்தாள். அதில் ஒரு சின்ன மெழுகுதிரி. “உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள்,” என்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு மெழுகுதிரியை ஊதி அணைத்து மஃபினைச் சாப்பிட்டேன். தேநீர் ஊற்றி இறக்கினேன்.

குழுவில் ஐந்து பேர், நடுவில் ஒரு தட்டு சான்ட்விச். கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் மூன்றாவது கட்டத்தைப் பேனாவால் தட்டினார். “மாணவர் பொய் சொன்னால்?” என்று கேட்டார்.

நான் பதிலை மூன்று நாளாக ஆங்கிலத்தில் பாடமாக்கியிருந்தேன். எழுந்ததும் அது மறந்துவிட்டது. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “ஐயா, நான் பதின்மூன்று வருடம் ஒரு கிராமத்தில் இந்த வேலை செய்தேன். சனம் என்னிடம் வயதில் பொய் சொல்லியிருக்கிறார்கள், வேலியில் பொய் சொல்லியிருக்கிறார்கள், மாட்டைப் பற்றிக்கூடப் பொய் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் ஒருவரும் பொய் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பார்கள். தெரியாது என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.”

மூன்றாவது கட்டம் தீர்மானமாக நிறைவேறியது. தொலைபேசி விதிக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர்களுக்கு இதையெல்லாம் எழுத வேண்டுமா என்றார் ஒருவர். தீர்மானம் இல்லாமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஹெலன் என் முகத்தைப் பார்த்தார். “இதனால் யாருக்கும் நட்டமில்லை, கிடக்கட்டும்,” என்று தன் கையாலேயே பக்கத்தைக் கோப்பில் போட்டார். அதனால்தான் அதற்கு அடிப்படை இல்லை.

வினோதினி கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பாகக் கையெழுத்திட்டாள், தாய்க்கு ஒரு தெரியாது, தகப்பனுக்கு ஒரு தெரியாது. படிப்பு கிடைத்தது. புரட்டாதியில் தாயின் கடிதம் வவுனியா முகாம் ஒன்றிலிருந்து வந்தது. அதோடு யாரோ ஒரு ஜீ.எஸ். கொடுத்த உறுதிக் கடிதமும் இருந்தது, முத்திரை சரிவாக விழுந்திருந்தது. ‘இவரை நான் நேரில் அறிவேன்.’ நான் அதை இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று கோப்புக்கு, ஒன்று எனக்கு. தகப்பனின் கட்டம் இன்றுவரை மாறவில்லை. அவள் படித்து முடித்து வேலைக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தக் கோப்பை மூட வேண்டிய காலமும் கடந்துவிட்டது. நான் மூடவில்லை. இது எந்த அத்தியாயத்தில் வரும் என்று தயவுசெய்து யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

8

வெள்ளிக்கிழமை மாலை கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ‘அடிப்படை’ கட்டத்தை வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் ‘கட்டாயம் நிரப்பவும்’ என்று வருகிறது. புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. இந்தக் கணினிக்கும் அந்த லிகிதருக்கும் ஏதாவது சொந்தம் இருக்க வேண்டும்.

அபி தொலைபேசி எடுத்தாள். இப்போது வேறு நகரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள். கணினி பற்றிக் கேட்க நான் விட்ட செய்தியைப் பார்த்து எடுத்திருக்கிறாள். புள்ளி ஏன் ஏற்கவில்லை என்று கேட்கத் தொடங்கியவன், என்னவோ, முழுதையும் சொல்லிவிட்டேன், சேலையில் பூத்த உப்பு வரை. இருபது வருடத்தில் முதல் தடவை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அவளுக்கு எந்தப் பாதி விளங்கியது என்று தெரியவில்லை.



“அதுதான் ‘ஏன்’,” என்றாள். “அப்பிடியே போடுங்க அப்பா. கைன்ட்லி மட்டும் வேணாம்.”

போட்டேன். ‘மட்டக்களப்பில் ஒரு பெண்மணி. பெயர் நான் கேட்கவில்லை.’ சிவப்பு எழுத்து மறைந்தது.

திங்கட்கிழமை புதிய பணிப்பாளர் தன் அறைக்குள் இருந்து அதை வாசித்ததைக் கண்ணாடியால் பார்த்தேன். கதவு வரை வந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மறந்திருப்பார் அல்லது கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். மார்கழியோடு நான் ஓய்வு பெறுகிறேன், எனக்கு என்ன.

இன்று காலை அவர் அறையில் ஒரு மாணவி நின்றாள். கையில் படிவம். தூரத்திலிருந்தே தெரிந்தது, கதிரை தேவையான முகம். மூன்றாவது கட்டம் என்றால் என் மேசைக்குத்தான் அனுப்ப வேண்டும். அவருடைய அறைக்கும் என் மேசைக்கும் பத்து அடி. நடுவில் கண்ணாடி. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும்.

அவர் தொலைபேசியை எடுத்தார். என் மேசையில் மணி அடித்தது.

“அங்கே ஆள் இருக்கிறாரா?” என்று கேட்டார். இந்தமுறை குரலை உயர்த்தவில்லை.

“இருக்கிறேன்,” என்றேன். “அனுப்புங்கள்.”